ஒண்ணுமில்ல டாக்டர்

போர்டில் அவர் பெயர் பெரிதாகத்தான் எழுதியிருந்தது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி ஒருவர் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஓசூரில் எங்கள் தெருவுக்குள் நுழைந்து 'ஒண்ணுமில்ல டாக்டர் எங்கே?' என்று கேட்டால், மாவு மில்லைக் காட்டி, பக்கத்தில் இருக்கும் மாடிப்படியையும் காட்டுவார்கள். பல் டாக்டர். பொம்பளை டாக்டர். அவ்வளவு போதும்.

நாற்காலியில் உட்கார்ந்து வாயைத் திறந்ததும் அவர் சொல்லும் முதல் வார்த்தை அதுதான். தமிழ் ஆட்களுக்கு 'ஒண்ணுமில்ல', கன்னடக்காரர்களுக்கு 'ஏனூ இல்ல', தெலுங்குக்காரர்களுக்கு 'ஏமீ லேது'. நான் ராஜபாளையத்திலிருந்து கல்யாணம் ஆகி இங்கே வந்தவள். அந்த இரண்டு பாஷையிலும் நான் முதலில் கற்றுக்கொண்ட வார்த்தைகள் இவை. பால்காரரிடம் பேசக்கூட அப்புறம்தான் கற்றுக்கொண்டேன்.

அந்த வார்த்தைதான் என் வீட்டுக்காரரைக் கொன்றது என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டு திரிந்தேன். டாக்டரம்மாவின் முகத்துக்கு நேராகவும் சொல்லிவிட்டேன். இப்போது அப்படிச் சொல்ல வாய் வருவதில்லை. வேறு எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை. அதனால் அந்தம்மாவைப் பற்றித் தெரிந்ததைத் தெரிந்தபடி எழுதி வைக்கிறேன்.

கீழே மாவு மில், மேலே கிளினிக். இப்படி ஒரு இடத்தில் யாராவது ஆஸ்பத்திரி வைப்பார்களா என்று முதலில் சிரித்தேன். மிளகாய் அரைக்கும் நாளில் டாக்டர், நோயாளி, நர்ஸ் எல்லோரும் சேர்ந்து தும்ம வேண்டும். ஆனால் டாக்டரம்மா அந்த இடத்தைத் தெரிந்தேதான் பிடித்திருந்தார். பல்லை ராவுகிற மிஷினின் சத்தத்தைக் கேட்டாலே குழந்தைகள் அலறும் இல்லையா? கீழே ராகி அரைக்கிற நேரம் பார்த்துத்தான் அந்த மிஷினைப் போடுவார். கட்டடமே கடகடவென்று ஆடும்போது இந்தச் சின்னச் சத்தம் யார் காதில் விழும்? வேலை முடிந்த பிறகுதான் பிள்ளைக்கே தெரியும். சில சமயம் ராகி மூட்டை வரட்டும் என்று நாங்கள் எல்லோரும் பெஞ்சில் காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

வெள்ளைக் கோட்டு போட மாட்டார். கத்தரிப்பூ கலரில் ஒரு மெல்லிய நூல் புடவை, அல்லது அதே மாதிரி பச்சையில் ஒன்று. குறடு, ஊசி எல்லாம் ஒரு பூத்துவாலைக்கு அடியில் ஒளிந்திருக்கும். ஊசிக்கு அவர் வைத்த பெயர் எறும்பு. குழந்தையை முதலில் நாற்காலியில் ஏற்ற மாட்டார்; அம்மாவை ஏற்றுவார். குட்டிக் கண்ணாடியைக் குழந்தை கையில் கொடுத்து, அம்மா வாயில் எத்தனை பல் இருக்கிறது என்று எண்ணச் சொல்வார். எண்ணி முடிப்பதற்குள் குழந்தைக்குப் பயம் போய்விடும். அம்மாவின் சொத்தைப் பல்லும் கணக்கில் வந்துவிடும்.

மாடிப்படி ஏறும் இடத்தில் கையால் எழுதிய ஒரு அட்டை தொங்கும். 'லீவு நாட்களில் குடும்பத்தோடு வரவும். ஒரு வீட்டுக்கு ஒரு சீட்டு.' இரண்டு பேர் வந்தாலும் ஏழு பேர் வந்தாலும் பார்க்கிற பீஸ் ஒன்றுதான். இதைக் கேள்விப்பட்டு, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் கையில் பிடித்துக்கொண்டு எல்லாம் என் பிள்ளைகள் என்று வந்தவர்கள் உண்டு. டாக்டரம்மா எல்லா வாயையும் பார்த்துவிட்டு, குடும்பம் வருஷா வருஷம் பெருசாகிக்கிட்டே போகுதே என்பார். அதோடு சரி.

ஊருக்கெல்லாம் லீவு விடும் நாளில் இவர் மட்டும் கடையைத் திறந்து உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் இருந்தது. எங்கள் ஏரியாவில் பாதிப் பேர் கம்பெனி ஆட்கள். மூன்று ஷிப்ட். ஒரு நாள் லீவு போட்டால் சூப்பர்வைசர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான். அதனால் உடம்புக்கு வருகிற எதுவும் லீவு பார்த்துத்தான் வர வேண்டும் எங்களுக்கு. ஆயுத பூஜை, தீபாவளி, பொங்கல், மே மாதம் கம்பெனியை மூடிப் பராமரிப்பு பார்க்கிற ஷட்டவுன். இந்த நான்குதான். பல்வலி புரட்டாசியில் வந்தால் ஐப்பசி வரை கிராம்பை வைத்துக் கடித்துக்கொண்டு இருப்போம். இதெல்லாம் டாக்டரம்மாவுக்குத் தெரியும். அவரும் லீவு என்று எங்கும் போய் நான் பார்த்ததில்லை.

நாங்கள் முதலில் போனது ஒரு ஆயுத பூஜை அன்று. பையனுக்குக் காலாண்டு லீவு. ஏழு வயது. கன்னம் கொழுக்கட்டை மாதிரி வீங்கியிருந்தது. பூஜைக்கு வைத்த ஆயுதத்தை அன்றைக்கு எடுக்கக் கூடாது என்பார்களே, டாக்டரம்மா அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். துருப்பிடித்த பழைய குறடு ஒன்றைச் சாமிக்கு முன்னால் வைத்துப் பொட்டு இட்டுவிட்டு, மற்றதையெல்லாம் வேலைக்கு எடுத்துக்கொள்வார். அந்தப் பெரிய நாற்காலிக்குச் சந்தனம், குங்குமம், ஒரு முழம் சாமந்தி. அன்றைக்குக் கீழே மில் ஓடாது. அதனால் குழந்தைகளுக்கு ராவுகிற வேலை கிடையாது.

பையன் என் பல்லை எண்ணினான். எறும்பு கடித்தது. ஆடிக்கொண்டிருந்த பால் பல் வெளியே வந்ததே அவனுக்குத் தெரியவில்லை. அடுத்து என்னைப் பார்த்தார். அப்புறம் படிக்கட்டில் நின்றுகொண்டிருந்த என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார்.

நமக்கெல்லாம் இரும்புப் பல்லுங்க என்று அவர் அங்கிருந்தே சிரித்தார். இரும்பையும் பார்த்துடலாம், வாங்க என்றார் டாக்டரம்மா.

என் வீட்டுக்காரருக்குப் பாக்கு போடும் பழக்கம். புகையிலை கலந்து சின்னப் பாக்கெட்டில் வருமே, அது. கம்பெனியில் பிரஸ் ஷாப்பில், மிஷினில் இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டுகிற வேலை. நைட் ஷிப்டில் கண் அசந்தால் விரல் போய்விடும் என்பார். அதற்காகக் கன்னத்தில் ஒரு பாக்கெட்டை அடக்கிக்கொள்வார். எங்கள் பக்கம் அதற்குத் தடை, கடைகளில் ரகசியமாகக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். அத்திப்பள்ளி செக்போஸ்ட்டைத் தாண்டி கர்நாடகாவுக்குள் போய்விட்டால் கடை வாசலிலேயே சரம் சரமாகத் தொங்கும். ஞாயிற்றுக்கிழமை மொபெட்டில் போய் ஒரு வாரத்துக்கு வாங்கி வந்துவிடுவார். நான் கத்துவேன். 'குடிக்கிறேனா, பீடி பிடிக்கிறேனா? விரல் பத்தும் இருக்கு பாரு' என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டுவார். எனக்குச் சிரிப்பு வந்துவிடும். சிரித்தேனே, அதைச் சொல்லுங்கள்.

அவர் வாயை டாக்டரம்மா எங்கள் வாயைவிடக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். கன்னத்தை இழுத்துப் பிடித்து டார்ச்சை அடித்தார். பிறகு அதே சிரிப்போடு, "ஒண்ணுமில்லைங்க. இடது கன்னத்துல உள்ள கொஞ்சம் வெளுத்திருக்கு. பாக்கை விட்டுடுங்க. ரெண்டு வாரம் கழிச்சு வந்து காட்டிட்டுப் போங்க" என்றார். ஆளுக்கு ஒரு பொட்டலம் பொரியும் வெல்லமும் கொடுத்து, சாப்பிட்டதும் வாயைக் கொப்பளிக்கச் சொன்னார்.

யோசித்துப் பார்த்தால் டாக்டரம்மா எதையும் மறைக்கவில்லை. எல்லாம் சொன்னார். எங்களுக்குத்தான் முதல் வார்த்தையோடு காது நிறைந்துவிட்டது. படி இறங்கும்போதே என் வீட்டுக்காரர், பாத்தியா, ஒண்ணுமில்லையாம் என்றார். எனக்கும் அப்பாடா என்று இருந்தது. இரண்டு வாரம் கழித்து அவருக்கு டபுள் ஷிப்ட். தீபாவளிக்கு ஊருக்குப் போய்விட்டோம். இரண்டு வாரம் பொங்கலாகிவிட்டது.

பொங்கல் லீவில் போனபோது அவருக்கு ரசம் குடித்தாலே வாய் எரிந்துகொண்டிருந்தது. அதையும் நானாகக் கண்டுபிடித்தேன், அவராகச் சொல்லவில்லை. அன்றைக்குக் கூட்டம். நாங்கள் காத்திருந்தபோது டாக்டரம்மா நடுவில் டீ குடிக்க வெளியே வந்தார். இவ்வளவு பேர் உங்களிடம் பயப்படாமல் வருகிறார்களே, எப்படி டாக்டர் என்று சும்மா கேட்டேன். அவர் படிக்கிற காலத்தில் நடந்ததைச் சொன்னார். காவேரிப்பட்டினம் பக்கத்திலிருந்து ஒரு மாந்தோப்புக்காரர், வாய்க்குள் புண்ணோடு வந்தாராம். பெரிய டாக்டர் ஒருவர் அவரைப் பார்த்து, இப்படியே விட்டால் செத்துப்போவாய் என்று சத்தம் போட்டிருக்கிறார். அந்த மனுஷர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனவர்தான். திரும்பி வரவே இல்லை. தினமும் அந்தப் பெஞ்சைப் பார்ப்பேன் என்றார் டாக்டரம்மா. "பயந்தவங்க வர மாட்டாங்கம்மா. வந்தாத்தானே நாம ஏதாவது பண்ண முடியும்?"

எனக்கு அது ரொம்பச் சரியாகப் பட்டது. தலையை ஆட்டினேன்.

உள்ளே போனதும், வாய் எவ்வளவு திறக்கிறது என்று பார்க்க, என் வீட்டுக்காரரிடம் மூன்று விரலை நிமிர்த்திச் சேர்த்து வாய்க்குள் நுழைக்கச் சொன்னார். இரண்டுதான் நுழைந்தது. விரல் தடிச்சுப்போச்சு டாக்டர், இரும்பு வேலை என்று இவர் சிரித்தார். டாக்டரம்மாவும் சிரித்தார். பிறகு உள் அறைக்குப் போய் ரொம்ப நேரம் எழுதினார். ஒட்டிய கவர் ஒன்றோடு வந்தார்.

"ஒண்ணுமில்லைங்க. பெங்களூர்ல பெரிய ஆஸ்பத்திரியில ஒரு தடவை காட்டிடுங்க. இந்த லெட்டரைக் கொடுத்தாப் போதும், அவங்க பாத்துக்குவாங்க."

மே மாசம் ஷட்டவுன்ல போலாமா டாக்டர் என்று இவர் கேட்டார்.

டாக்டரம்மா அவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அவ்வளவு நாள் வேண்டாமே" என்றார். குழந்தையிடம் மிட்டாய் வேண்டாமே என்று சொல்வாரே, அதே குரல்.

அந்த வருஷம் கம்பெனியில் பர்மனென்ட் லிஸ்ட் போடுகிற வருஷம். ஏழு வருஷம் டெம்பரரியாக இருந்த மனுஷர். லீவு எடுத்தால் லிஸ்டில் பெயர் இருக்காது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். பெங்களூர் நாற்பது கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமை அங்கே பார்க்க மாட்டார்கள்; வேலை நாளில் காலையில் போனால் சாயங்காலம் வந்துவிடலாம். அந்த ஒரு நாளைத்தான் எங்களால் எடுக்க முடியவில்லை. அந்தக் கவரை என்ன செய்தேன் தெரியுமா? நல்லபடியாக முடியட்டும் என்று ஒரு பொட்டுக் குங்குமம் வைத்து முருகன் படத்துக்குப் பின்னால் சொருகினேன். டாக்டருக்கு டாக்டர் எழுதியதை நாம் பிரிக்கக் கூடாது என்று ஒரு மரியாதை வேறு. தினமும் அந்தப் படத்துக்கு விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தேன்.

ஏப்ரலில் ஆர்டர் வந்துவிட்டது. பர்மனென்ட். தெரு முழுக்க மைசூர்பாகு கொடுத்தோம். டாக்டரம்மாவுக்கும் ஒரு டப்பா கொண்டு போனேன். அவர் இனிப்பை வாங்காமல், பெங்களூர் போனீங்களா என்று கேட்டார். அடுத்த மாசம் டாக்டர் என்றேன். அவர் உதடு ஏதோ சொல்லப் போன மாதிரி இருந்தது. கூட்டம் இருந்தது. சீக்கிரம் போங்கம்மா என்று மட்டும் சொன்னார். வீட்டுக்கு வந்து பார்த்தால் என் வீட்டுக்காரர் மைசூர்பாகைத் தூள் தூளாக உடைத்து, ஒவ்வொரு தூளாக வாய்க்குள் தள்ளிக்கொண்டிருந்தார். அதற்கு மேல் வாய் திறக்கவில்லை.

ஷட்டவுனில் பெங்களூர் போனோம். அங்கே இருந்த டாக்டர் கவரைப் பிரித்துப் படித்துவிட்டு, இது எப்போது கொடுத்தது என்று கன்னடத்தில் கேட்டார். எனக்கு அதற்குள் அவ்வளவு கன்னடம் தெரியும். பொங்கலுக்கு என்றேன். அவர் லெட்டரை மேஜையில் வைத்தார். எனக்குத் தலைகீழாகத் தெரிந்தது. முழுக்க இங்கிலீஷ். மேலே சிவப்பு மையில் 'அர்ஜென்ட்' என்று எழுதி அடியில் இரண்டு கோடு. நான் பத்தாவது பாஸ். அந்த வார்த்தையைப் படிக்க எனக்குத் தெரியும். நான்கு மாதம் அது என் சாமி படத்துக்குப் பின்னால் இருந்திருக்கிறது.

அதற்குப் பிறகு நடந்ததை எழுத எனக்குத் தெம்பு இல்லை. கன்னத்தை எடுத்தார்கள், தாடையில் பாதியை எடுத்தார்கள். பேச்சு போயிற்று. பையனின் ரஃப் நோட்டில் எழுதிக் காட்டுவார். நான் டாக்டரம்மாவைத் திட்டிக்கொண்டே இருந்த ஒரு நாள், நோட்டை வாங்கி, 'அந்தம்மா மேல கோவப்படாதே. நல்ல மாதிரி' என்று எழுதினார். எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. அந்த வருஷக் காலாண்டு லீவிலேயே போய்விட்டார். ஆயுத பூஜைக்கு நான்கு நாள் இருந்தது. பத்து விரலும் நன்றாக இருந்தன.

பொங்கல் லீவு வரும்வரை காத்திருந்தேன். கூட்டம் இருக்க வேண்டும் என்றுதான். பெஞ்சு நிறைய ஆட்கள் இருந்தபோது உள்ளே போய்க் கத்தினேன். "சிவப்பு மையில எழுதத் தெரிஞ்சதுல்ல உங்களுக்கு? அதை எங்க மூஞ்சியைப் பாத்துச் சொல்ல ஏன் வாய் வரல? ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னு சொல்லியே அனுப்பி வச்சீங்களே!" நாற்காலியில் ஒரு பெண் பிள்ளை வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தது. டாக்டரம்மா கையில் இருந்த கண்ணாடியைத் துவாலைக்கு அடியில் வைத்தார். துவாலையை நேராக இழுத்து விட்டார்.

"பயமுறுத்தியிருக்கணும்மா" என்றார். "பயந்துட்டா போயிடுவீங்கன்னு நினைச்சேன்."

நான் இறங்கி வந்துவிட்டேன். ஜெயித்துவிட்டேன் என்றுகூட நினைத்தேன் என்றால் பாருங்கள்.

பிறகு நான் ஒரு கம்பெனியில் வயர் கோர்க்கிற வேலைக்குச் சேர்ந்தேன். அந்தப் படியை மிதிக்கவில்லை. தெருவில் பேசிக்கொள்வது மட்டும் காதில் விழும். கிளினிக் சுவரில் வாய்ப்புண் படமாக ஒட்டி வைத்திருக்கிறாராம், பார்த்தாலே வாந்தி வருகிறதாம். கருவிகளைத் துவாலை போட்டு மூடுவதில்லையாம். பாக்கு போடுகிறவன் வந்தால், உன் பொண்டாட்டி பிள்ளைக்கு ஏற்பாடு பண்ணிட்டியா என்று கேட்கிறாராம். சொத்தைப் பல்லோடு போன பிள்ளையைப் பார்த்து, இதை விட்டால் தாடைக்குள் இறங்கும் என்றாராம்; அது வழியெல்லாம் அழுதுகொண்டு வந்ததாம். எங்கள் வீட்டு ஓனரம்மா, அவர் கன்னடக்காரர், அந்த டாக்டருக்கு என்னமோ ஆயிடுச்சும்மா என்று என்னிடமே வருத்தப்பட்டார். நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஏசி போட்ட கிளினிக் ஒன்று வந்தது. ஜனங்கள் அங்கே போக ஆரம்பித்தார்கள். 'ஒண்ணுமில்ல டாக்டர்' என்ற பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. புதிதாகக் குடி வந்தவர்கள் ஏன் அப்படி ஒரு பெயர் என்று கேட்பார்கள். விளக்கிச் சொல்ல ஆளில்லை.

நான்கு வருஷம் கழித்து எனக்கு வாய்க்குள் ஒரு புண் வந்தது. இடது கன்னம். ஒரு வாரம் ஆறவில்லை. எனக்கும் அதேதானோ என்று நினைத்தேன். பையனை யார் பார்ப்பார்கள்? லீவுக்குக் காத்திருக்கவில்லை. ஷிப்டுக்குப் போகாமல் நேராக அந்தப் படியில் ஏறினேன். வேறு டாக்டரிடம் போகலாம் என்று தோன்றவே இல்லை. எனக்கு என்ன வேண்டியிருந்தது என்று எனக்கே தெரியும். வெட்கமாகத்தான் இருக்கிறது சொல்ல.

டாக்டரம்மா இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். எங்கள் வீட்டுச் சீட்டைத் தேடவில்லை. மேஜை டிராயரில் மேலாகவே இருந்தது. ஒரு வீட்டுக்கு ஒரு சீட்டு என்பதால் மூன்று பேர் பல்லும் அதில் வரிசையாக வரைந்து இருந்தன. என் வீட்டுக்காரரின் வரிசைக்குப் பக்கத்தில், முதல் ஆயுத பூஜையன்று பென்சிலால் போட்ட சின்ன வட்டம்.

டார்ச் அடித்து ரொம்ப நேரம் பார்த்தார். உடைந்த பல் ஒன்று குத்திக்கொண்டிருக்கிறது என்றார். அதை ராவி விட்டார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒண்ணுமில்லதானே டாக்டர்?"

அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. "ரெண்டு வாரத்துல ஆறணும். ஆறலேன்னா அன்னைக்கே பெங்களூர் போகணும். நானே கூட வரேன்" என்றார். நான் மறுபடியும் கேட்டேன். மறுபடியும் அதையேதான் சொன்னார்.

புண் ஐந்து நாளில் ஆறிவிட்டது. இருந்தாலும் சொன்ன நாளில் போய்க் காட்ட வேண்டும் என்று போனேன். அன்றைக்கு ஆயுத பூஜை. நாற்காலிக்குச் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார், சாமந்தியும் இருந்தது. ஒரு காலத்தில் படிக்கட்டு வரை ஆட்கள் நிற்பார்கள். அன்றைக்குப் பெஞ்சில் ஒரு அம்மாவும் ஐந்தாறு வயதுப் பிள்ளையும் மட்டும். ஆறிடுச்சு டாக்டர் என்று நான் சொல்லியும் டார்ச் அடித்து மூலை மூலையாகப் பார்த்தார். சீட்டில் எழுதினார். சரி, போயிட்டு வாங்க என்றார்.

வெளியே வந்தேன். பெஞ்சில் இருந்த பிள்ளை சுவரில் இருந்த படங்களைப் பார்த்துவிட்டுத் தேம்பிக்கொண்டிருந்தது. கன்னம் வீங்கியிருந்தது. நான் குனிந்து அதன் தலையைத் தடவி, "ஒண்ணுமில்லடா கண்ணு. டாக்டர் சும்மா பார்ப்பாங்க" என்றேன்.

"அப்படிச் சொல்லாதீங்க." டாக்டரம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தார். குரலில் கோபம் இல்லை. "நான் இன்னும் பார்க்கவே இல்லையே."

அந்த அம்மா என்னைப் பார்த்தாள், டாக்டரைப் பார்த்தாள், ஒருமுறை சுவரைப் பார்த்தாள். பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அடுத்த லீவுல வரோம் டாக்டர் என்று சொல்லிக்கொண்டே படி இறங்கினாள்.

டாக்டரம்மா செருப்புகூடப் போடாமல் படிக்கட்டின் உச்சிவரை ஓடி வந்தார். லீவுக்குக் காத்திருக்காதீங்கம்மா, இன்னைக்கே பார்த்துடலாம், வாங்கம்மா என்று கூப்பிட்டார். ஆயுத பூஜை என்பதால் கீழே மில் ஓடவில்லை. அவர் சொன்னது தெருவரைக்கும் தெளிவாகக் கேட்டிருக்கும். அந்த அம்மா திரும்பிப் பார்க்கவில்லை.